மராக்கேஷிலிருந்து எந்த மலைக்குப் போவது? ஊரிகா, இம்லில், டூப்கால், திச்கா: ஓர் ஒப்பீடு

மொராக்கோவின் மராக்கேஷ் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில், சமவெளியில் இருக்கிறது. வானம் தெளிந்த குளிர்காலக் காலையில் மொட்டைமாடி ஏறிப் பார்த்தால், கூத்துபியா மசூதியின் கோபுரத்துக்குப் பின்னால் தெற்கே பனிமூடிய உயர் அட்லஸ் மலைத்தொடர் சுவர்போல நிற்கும். பார்த்த உடனே போகத் தோன்றும். தங்கும் விடுதி, தெருமுனை, செல்பேசி என்று எங்கு திரும்பினாலும் ஒருநாள் சுற்றுலா விற்பவர்கள் தயாராக இருப்பார்கள். ஊரிகா பள்ளத்தாக்கு, இம்லில் கிராமம், டூப்கால் சிகரம், திச்கா கணவாய், ஊஸூத் அருவி என எல்லாவற்றையும் ஒரே அட்டையில் அச்சடித்து நீட்டுவார்கள்.

எது அழகு என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் வேனுக்குள்ளேயே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். மலையில் எத்தனை இரவு தங்க முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஓர் இரவுகூட முடியாதென்றால் இம்லில் அல்லது ஊரிகா. ஓர் இரவென்றால் சந்தேகமே வேண்டாம், இம்லில். இரண்டு மூன்று இரவுகளும் நல்ல முழங்காலும் இருந்தால் டூப்கால். மராக்கேஷுக்குத் திரும்பாமல் தெற்கே பாலைவனம் நோக்கிப் போகிறீர்கள் என்றால் திச்கா. இரண்டு நாள் கையில் இருக்கும்போது இரண்டு ஒருநாள் சுற்றுலாக்களை வாங்குவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. அதே பணத்துக்கு மலைக் கிராமத்தில் ஓர் இரவு தங்கி, இரண்டு அரைநாள் நடந்துவிடலாம்.

ஊரிகா: கிட்ட இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது

ஊரிகா பள்ளத்தாக்கின் கடைசி ஊரான செட்டி ஃபத்மா சுமார் 65 கி.மீ. தூரம், ஒன்றரை மணி நேரப் பயணம். உயரம் 1500 மீட்டர் அளவு. ஆற்றின் கரையோரமாகவே சாலை போகிறது. கரை முழுக்க உணவகங்கள். நாற்காலி மேசைகளை ஓடும் தண்ணீரிலேயே போட்டிருப்பார்கள். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான மலைப் பயணம் கிடையாது. உட்காருவதற்கு முன் விலையைக் கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் வேறு விலை.

செட்டி ஃபத்மாவில் ஏழு அருவிகள் என்பார்கள். முதல் அருவி அரைமணி நேர ஏற்றம். அதற்கே பாறைகளைக் கையால் பிடித்து ஏறவேண்டிய இடங்கள் உண்டு. ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு அந்தப் பாறைகள் வழவழப்பாகிவிட்டன. செருப்போடு ஏறுகிறவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். பிடிமானமுள்ள ஷூ அவசியம். வழிகாட்டி என்று ஒருவர் தானாகவே உங்களோடு சேர்ந்துகொள்வார். வேண்டுமென்றால் தொகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் முதல் பத்தடிக்குள் சொல்லிவிடுங்கள். பாதி வழியில் மறுப்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

வழியில் வேன் ஓர் ஆர்கன் எண்ணெய் 'கூட்டுறவுக்' கடையில் நிற்கும். பெண்கள் கல்லில் கொட்டை உடைத்துக் காட்டுவார்கள். ஆனால் ஆர்கன் மரங்கள் வளர்வது தென்மேற்கே, எஸ்ஸாவிரா, அகாதிர் பக்கம். ஊரிகாவில் அந்த மரத் தோப்பு எதுவும் இல்லை. எண்ணெய் தேவைப்பட்டால் வாங்கலாம், விளைந்த இடத்திலேயே வாங்கியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில், அதுவும் கோடையில், மராக்கேஷ்வாசிகளே குடும்பம் குடும்பமாக இங்கே வந்துவிடுவார்கள். திரும்பும் சாலை மாலையில் நகராது. திங்கட்கிழமை போனால் வழியில் த்னைன் ஊரிகாவின் வாரச்சந்தையும் சேர்ந்து கிடைக்கும்.

ஊரிகாவில் உண்மையான ஆபத்து வெள்ளம். பள்ளத்தாக்கு குறுகலானது, மேலே சரிவுகள் மரமற்ற மொட்டைப் பாறை. உச்சியில் பெய்யும் இடிமழை மண்ணில் ஊறாமல் நேராக ஆற்றுக்கு இறங்கிவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறலாம். 1995 ஆகஸ்ட் 17 அன்று அப்படி வந்த வெள்ளத்தில் ஆற்றோரம் இருந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் மேலே கருமேகம் திரண்டாலோ, தெளிந்த தண்ணீர் திடீரெனச் செம்மண் நிறமானாலோ சாப்பாட்டை விட்டுவிட்டு மேட்டுக்குப் போய்விடுங்கள்.

இம்லில்: ஒரு நாளைவிட ஓர் இரவு

மராக்கேஷுக்குத் தெற்கே 65 கி.மீ. அளவில், 1740 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இம்லில். முதலில் அஸ்னி, அங்கிருந்து 17 கி.மீ. குறுகிய மலைச்சாலை. வால்நட், ஆப்பிள், செர்ரித் தோட்டங்கள், படிப்படியாக வெட்டிய வயல்கள், வாய்க்கால்கள், சரிவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அமாசிக் (பெர்பெர்) கிராமங்கள் என்று மலை வாழ்க்கை கண்முன்னே நடக்கும். இங்கே பேசுவது தஷெல்ஹித் மொழி. அரபும் பிரெஞ்சும் பலருக்குத் தெரியும், வழிகாட்டிகளுக்கு ஆங்கிலமும் தெரியும்.

ஒரே நாளில் போய்வருவதானால் சுற்றுலா வேனைத் தவிருங்கள். "நான்கு பள்ளத்தாக்கு, ஒட்டகச் சவாரி, இம்லில் மதிய உணவு" என்று விற்கும் பயணங்களில் ஆர்கன் கடை, தேநீர், ஒட்டகம் எல்லாம் முடிந்தபின் நடப்பதற்கு ஒரு மணி நேரம் மிஞ்சினால் அதிகம். தனி வண்டியில் காலை 7 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குமுன் இம்லிலில் இறங்கிவிடலாம். அங்கிருந்து மேலே உள்ள அரும்து கிராமம்வரை ஏறி மறு கரை வழியாக இறங்கினால் இரண்டரை மூன்று மணி நேரம். இன்னும் வலு இருந்தால் கிழக்கே திஸி-ன்-தமாதெர்த் கணவாய் (2279 மீ.). ஏற இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடலாம். மேலே நின்றால் இரண்டு பக்கப் பள்ளத்தாக்கும் தெரியும். மதியத்துக்கு மேல் ஏறத் தொடங்கினால் வெயிலும் மங்கலுமாக இருக்கும். காலைதான் நல்லது.

ஓர் இரவு தங்கினால் கணக்கே மாறுகிறது. பகல் வேன்கள் 4 மணிக்குள் கிளம்பிவிடும், அதன் பிறகு ஊர் ஊராகிவிடும். 'ஜீத்' எனப்படும் எளிய தங்கும் வீடுகளில் இரவு உணவும் காலை உணவும் சேர்த்தே விலை சொல்வார்கள். மறுநாள் மேற்கே திஸி ம்ஸிக் கணவாய் (2489 மீ.) ஏறி இறங்கலாம். நடை நாள் முழுக்க இருக்கும், ஆனால் கயிறு, கருவி எதுவும் தேவையில்லை. குளிர்காலத்தில் இந்த வீடுகளில் அறைக்குள்ளும் நன்றாகக் குளிரும். கூடுதல் போர்வை கேளுங்கள், சூடேற்றி இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

2023 செப்டம்பர் 8 இரவு நடந்த 6.8 அளவு நிலநடுக்கத்தின் மையம் இதே அல் ஹவுஸ் மாகாணத்தில்தான். ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்தார்கள். இம்லிலுக்கு மேற்கே, திஸி-ன்-டெஸ்ட் சாலையில் உள்ள 12-ஆம் நூற்றாண்டுத் தின்மல் மசூதி பெருமளவு இடிந்தது. இம்லிலின் விடுதிகளும் வழிகாட்டிகளும் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார்கள்; பயணிகள் வருவதுதான் அந்தப் பள்ளத்தாக்கின் வருமானம். ஆனால் சுற்றுக் கிராமங்களில் இடிந்த வீடுகள் கண்ணில் படும். அவற்றின் முன்னால் நின்று படம் எடுப்பதைத் தவிர்ப்பது மரியாதை.

டூப்கால்: மலை சுலபம், உயரம் சுலபமல்ல

4167 மீட்டர். வட ஆப்பிரிக்காவிலேயே உயரமான சிகரம். கோடையில் பாறையேற்றத் திறமை எதுவும் தேவையில்லை, நடந்தே போகலாம். இந்த ஒரு வரியை நம்பித்தான் ஆண்டுதோறும் பலர் பாதியில் திரும்புகிறார்கள்.

விற்கப்படும் வழக்கமான திட்டம் இரண்டு நாள். முதல் நாள் காலை 450 மீட்டரிலிருந்து காரில் 1740-க்கு வந்து, அங்கிருந்து நடந்து மாலைக்குள் 3207 மீட்டரில் உள்ள மலைக்குடிலில் படுக்கிறீர்கள். ஒரே பகலில் ஏறத்தாழ 2750 மீட்டர் உயர மாற்றம். இரவு தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வருவதில் ஆச்சரியமில்லை. மறுநாள் விடியுமுன் 960 மீட்டர் ஏறி, அதன்பின் ஒரே மூச்சில் 2427 மீட்டர் இம்லிலுக்கு இறங்க வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

அதனால் மூன்று நாள் திட்டத்தைக் கேளுங்கள். முதல் இரவு இம்லில் அல்லது அரும்து. அன்று மாலையே சும்மா ஒரு கணவாய்வரை ஏறி இறங்கினால் உடம்பு கொஞ்சம் பழகும். இரண்டாம் இரவு குடில். மூன்றாம் நாள் சிகரமும் இறக்கமும். கூடுதல் செலவு ஓர் இரவுத் தங்கலும் வழிகாட்டிக்கு ஒரு நாள் சம்பளமும்தான். சிகரம் எட்டும் வாய்ப்பு அதைவிடப் பலமடங்கு கூடுகிறது.

பாதை இப்படி: இம்லிலிலிருந்து அரும்து, அங்கே அகன்ற கற்படுகையைக் கடந்து ஏற்றம், 2310 மீட்டரில் சிதி ஷம்ஹரூஷ். வெள்ளையடித்த பெரும்பாறையை ஒட்டிய தர்கா அது. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக அனுமதியில்லை. எதிரே ஆரஞ்சுச் சாறு கடைகள். அதற்கு மேல் நிழல் கிடையாது. மொத்தம் ஐந்தாறு மணி நேரம். குடில்கள் இரண்டு, அக்கம்பக்கமாக: 1938-இல் கட்டிய பழைய டூப்கால் குடில், மற்றது லே மூஃப்லோன். இரண்டிலும் வரிசைக் கட்டில்கள்தான். ஸ்லீப்பிங் பேக் கொண்டுபோகவும், காதடைப்பான் மறக்க வேண்டாம்.

சிகர நாளில் 4 மணி அளவில் கிளம்புவார்கள். தெற்குப் பள்ளத்தின் வழியே மூன்று நான்கு மணி நேர ஏற்றம். பெரும்பகுதி காலுக்குக் கீழே நழுவும் சரளைக்கல் சரிவு. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். நடைக்கோல் இரண்டு இருந்தால் இறங்கும்போது அருமை தெரியும். உச்சியில் இரும்பு முக்காலி ஒன்று நிற்கிறது. ஆகஸ்டிலும் விடியலில் அங்கே காற்றோடு சேர்ந்து உறைகுளிர் இருக்கும். கையுறை, குல்லா, காற்றுத் தடுப்புச் சட்டை, ஹெட்லேம்ப், குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் கையில் வேண்டும். தலைவலி மட்டும் என்றால் மெதுவாகப் போகலாம். வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் அங்கேயே திரும்புங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவது ஆபத்து.

2018 டிசம்பரில் இரண்டு ஸ்காண்டிநேவியப் பெண்கள் இம்லில் அருகே கொல்லப்பட்ட பிறகு, டூப்கால் பாதையில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை. சோதனைச் சாவடிகளில் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அசலையே எடுத்துப் போங்கள். நகலோடு வந்து திருப்பி அனுப்பப்பட்டால் அந்த நாளே போய்விடும். வழிகாட்டியிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. விலை பேசும்போது குடில் கட்டணம், சாப்பாடு, கோவேறு கழுதை, மராக்கேஷ் போக்குவரத்து எல்லாம் சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மலிவாகச் சொன்ன விலையில் இவற்றில் இரண்டு விடுபட்டிருக்கும். கழுதை மூட்டையைக் குடில்வரை சுமக்கும். பனிக்காலத்தில் பனி தொடங்கும் இடத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் ஆள்தான் சுமக்க வேண்டும்.

நவம்பர் முதல் ஏப்ரல்வரை இது வேறு மலை. சரளைக்கல் எல்லாம் கெட்டிப்பனியால் மூடியிருக்கும். காலணியில் மாட்டும் இரும்பு முள்பட்டையும் பனிக்கோடரியும் கட்டாயம். இம்லில் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் ஷூவிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள், மெல்லிய அடிப்பாகமுள்ள ஓட்ட ஷூவில் அது நிற்காது, சரிவில் கழன்றுவிடும். பனியில் ஒருமுறையும் நடக்காதவர்கள் இதை முதல் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

திச்கா கணவாய்: கடந்து போவதற்கான சாலை

மராக்கேஷிலிருந்து வார்ஸாஸாத் போகும் என்9 சாலை 2260 மீட்டரில் திஸி-ன்-திச்கா கணவாயைக் கடக்கிறது. அந்தப் பக்கம் இறங்கியதும் பச்சை மறைந்து, சிவந்த மண்ணும் மண்கோட்டைகளும் தொடங்கிவிடும். 1987 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஐத் பென் ஹத்து மண்கோட்டை ஊர் சுமார் 185 கி.மீ. தூரத்தில்.

சாலை அகலப்படுத்தப்பட்டும், நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் போய்வருவதானால் போக நான்கு, வர நான்கு, நடுவே ஊரைப் பார்க்க இரண்டு மணி நேரம். வளைவுகளில் வாந்தி வருகிறவர்களுக்கு இது தண்டனை. ஆனால் வார்ஸாஸாத், ததேஸ், மெர்சூகா என்று பாலைவனம் நோக்கித் தொடர்ந்து போகிறவர்களுக்கு இந்தச் சாலைதான் பயணத்தின் சிறப்பு. சொந்த வண்டி இருந்தால் கணவாய் தாண்டியதும் தெலுவெத் பக்கம் திரும்புங்கள். ஒருகாலத்தில் இந்த மலைப்பகுதியை ஆண்ட கிளாவி குலத் தலைவர்களின் இடிந்துகொண்டிருக்கும் மாளிகை அங்கே இருக்கிறது. உள்ளே மிச்சமுள்ள சில கூடங்களின் செதுக்கு வேலை பிரமாதம். அங்கிருந்து ஊனிலா பள்ளத்தாக்கு வழியாகவே ஐத் பென் ஹத்துவுக்கு இறங்கலாம். பேருந்தில் போனால் இது கிடைக்காது; பேருந்து ஐத் பென் ஹத்துவுக்குள்ளும் போகாது, நெடுஞ்சாலைப் பிரிவில் இறங்கிச் சுமார் 10 கி.மீ. டாக்சி பிடிக்க வேண்டும்.

குளிர்காலத்தில் பனி பெய்தால் கணவாயை மூடிவிடுவார்கள். சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

ஊஸூத் அருவி (110 மீட்டர் உயரம், 150 கி.மீ. தூரம், பார்பரி குரங்குகள்) அருவி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும். மலைக் கிராம வாழ்க்கையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஊக்கைமெடன் 2600 மீட்டரில் உள்ள பனிச்சறுக்கு ஊர். பனி இருக்கும் வாரங்களில் குழந்தைகள் விளையாடலாம், மற்றக் காலத்தில் மேய்ச்சல் நிலமும் பழங்காலப் பாறைச் செதுக்கல்களும்.

எதில் போவது

ஷேர் கிராண்ட் டாக்சி (ஊர்விட்டு ஊர் போகும் வாடகை வண்டி) மலிவு. மதீனாவின் (மதில் சூழ்ந்த பழைய நகரம்) தென்புற வாயிலான பாப் எர்-ரொப் பக்கம்தான் வழக்கமாக அஸ்னி, ஊரிகா வண்டிகள் நிற்கும். நிறுத்தங்கள் அவ்வப்போது இடம் மாறுவதால் முந்தின இரவே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். அவசரமென்றால் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஏறும்போதே 'பிளாஸா' (ஓர் இருக்கை) என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெளிநாட்டவர் முழு வண்டியையும் எடுத்ததாகவே ஓட்டுநர் எடுத்துக்கொள்வார். இம்லிலுக்கு நேர் வண்டி கிடைக்காவிட்டால் அஸ்னியில் மாறலாம். அஸ்னிச் சந்தை கூடும் சனிக்கிழமை காலை வண்டிகள் நிறைய. திரும்பும்போதுதான் சிக்கல்: மாலை 4 மணிக்குமேல் ஷேர் வண்டியை நம்ப முடியாது, ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தில் சாலையே காலியாகிவிடும்.

மூன்று நான்கு பேர் இருந்தால் ஓட்டுநரோடு வண்டி பேசிக்கொள்வது நிம்மதி. காத்திருப்பு நேரம், நிற்க வேண்டிய இடங்கள், கடைகளில் நிறுத்தக் கூடாது என்பது எல்லாவற்றையும் கிளம்புமுன் பேசிவிடுங்கள். தானே ஓட்ட நினைப்பவர்களுக்கு: இங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, மலை வளைவில் எதிரே லாரி வரும்போது பழைய பக்கத்துக்கே திரும்பும். இம்லிலுக்கு ஓட்டலாம், திச்காவை முதல் நாளே எடுக்காதீர்கள். சோதனைச் சாவடியில் 'நில்' பலகை முன் முழுதாக நிறுத்தி, கையசைத்த பிறகே நகருங்கள்.

நகரத்தில் எங்கே தங்குவது, எப்போது போவது

விடியலில் மலைக்குக் கிளம்பும் திட்டமிருந்தால் மதீனாவின் தென்பகுதி, கஸ்பா (பழைய கோட்டைப் பகுதி) பக்கத்து ரியாத் (முற்றமுள்ள பழைய வீட்டு விடுதி) ஒன்றைப் பிடியுங்கள். வண்டி நிற்கும் வாயிலுக்கு நடந்தே போகலாம். வடக்கே தள்ளி இருந்தால், கார் நுழையாத சந்துகளில் இருட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். பெரிய பெட்டியை ரியாத்திலேயே விட்டுவிட்டு ஒரு பையோடு மலைக்குப் போங்கள், அதற்குத் தனிக் காசு கேட்பவர்கள் அபூர்வம்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதிவரை, பிறகு செப்டம்பர், அக்டோபர்: நகரமும் மலையும் ஒருசேரப் பொருந்தும் மாதங்கள் இவை. ஜூலை, ஆகஸ்டில் நகரம் 40 டிகிரியைத் தொடும், அப்போது நகரத்துக்கு ஒரு நாள், மலைக்கு மீதி என்று பிரியுங்கள். மே மாதத்திலும் டூப்கால் உச்சிப் பகுதியில் பனி இருக்கலாம். மொராக்கோ ஆண்டு முழுக்க ஜிஎம்டி+1 நேரத்தில் இருந்தாலும் ரமலானில் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பேசிவைத்த வண்டியின் நேரத்தை அந்த வாரம் மறுபடி உறுதிசெய்யுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மலையில் காய்கறித் தஜின் (மண்சட்டியில் வேகவைத்த குழம்பு), முட்டை, பயறு, ரொட்டி எப்போதும் கிடைக்கும். ஆனால் காய்கறிக் கூஸ்கூஸும் ஹரிரா சூப்பும் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கும், எனவே 'இறைச்சி வேண்டாம்' என்பதோடு 'சாறும் வேண்டாம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். மலைச் செலவுக்கான ரொக்கத்தை மராக்கேஷிலேயே, 20, 50 திர்ஹம் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கொண்டுவராதீர்கள், விமான நிலையத்திலேயே பறிமுதலாகும்.

நாட்களை அடுக்கும்போது மலையை நடுவில் வையுங்கள். இறங்கிய மறுநாள் நகரம், பிறகு மலை, கடைசி ஒரு முழு நாள் திரும்ப நகரம். திச்கா மூடினாலும், மழையில் இம்லில் சாலையில் கல் சரிந்தாலும் அந்தக் கடைசி நாள்தான் உங்கள் விமானத்தைக் காப்பாற்றும். ஒன்றும் நடக்காவிட்டால் சந்தைக்குப் போகலாம், மிச்ச திர்ஹமையும் அங்கேயே செலவழிக்கலாம்: 2000 திர்ஹமுக்கு மேல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதியில்லை.